துணி மூடிய பெட்டி

"பட்டியல் எங்கய்யா?"

பல்கலைக்கழகப் பதிவாளர் மூன்றாவது முறையாகக் கேட்டார். மாணவர் நல அலுவலர் ஆனந்த்ராஜ் மூன்றாவது முறையாக அதே பதிலைச் சொன்னான்.

"இல்லைங்க சார்."

"யாரு யாரு இலவசமா சாப்பிடுறாங்கன்னு ஒரு பேப்பர்கூட இல்லாம மூணு வருசமா காலைச் சாப்பாடு போடுறியே, உன்னைய என்னன்னு சொல்ல? நன்கொடை தர்ற ஈஸ்வரன் அய்யா தொப்பம்பட்டியிலருந்து கிளம்பிட்டாரு. அவரு கையில பட்டியலைக் குடுத்து, பிள்ளைகளை மேடையில நிறுத்தி ஒரு போட்டோ. அம்புட்டுத்தான் கேக்குறாரு. முடியாதுன்னா இந்த மாசத்தோட உன் டோக்கன் பெட்டியைத் தூக்கி ஸ்டோர் ரூம்ல போட்டுரு."

ஆனந்த்ராஜ் வெளியே வந்தான். ஈஸ்வரன் இல்லையென்றால் அடுத்த மாதம் அறுபது வயிறுகள் காலையில் காயும். அது அவனுக்குத் தெரியும். ஆனால் பட்டியல் போட்டால் என்ன ஆகும் என்பதும் அவனுக்கு நன்றாகவே தெரியும். ஏற்கெனவே ஒருமுறை போட்டவன் அவன்.

மூன்று வருடங்களுக்கு முன்பு, குஜிலியம்பாறைப் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் வரும் பிள்ளைகள் பத்து மணி வகுப்பில் மயங்கி விழுவதைப் பார்த்துத்தான் காலைச் சாப்பாட்டை ஆரம்பித்தான். ஆரம்பித்த சூட்டில் ஒரு தப்பும் செய்தான். நன்கொடையாளரைக் குளிர வைக்க, சாப்பிடும் முப்பது பேரின் படத்தையும் போட்டு வாசலில் ஒரு ஃபிளெக்ஸ் கட்டினான். மறுநாள் பந்தியில் இருந்தவர்கள் நான்கே பேர்.

பவித்ரா என்ற பெண் அவனுடைய அறைக்கே வந்து கேட்டாள். "சார், எங்க அப்பா நாலு பேருக்கு வேலை குடுத்த மனுசன். மழை பேயல, அம்புட்டுத்தான். எனக்குப் பசிக்குது சார், இல்லேங்கல. ஆனா எங்க ஊர் பஸ் அந்த வாசல்லதான் நிக்குது."

அன்று மாலையே ஃபிளெக்ஸைக் கிழித்தான். இனி யார் பெயரும் வெளியே வராது என்று அந்தப் பெண்ணிடம் வாக்குக் கொடுத்தான். அதற்கப்புறம் வந்ததுதான் பெட்டி.

கேன்டீன் வாசலில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இருந்தது அந்த மரப்பெட்டி. அதன் வாயில் கறுப்புத் துணி தொங்கும். தினமும் விடியலில் அலுவலகத்திலிருந்து அறுபது சாப்பாட்டு டோக்கன்களை அதில் போடுவார்கள். வசதி உள்ளவர்கள் கூடுதலாக ஒரு டோக்கன் வாங்கி உள்ளே போடலாம். இல்லாதவர்கள் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். துணிக்குள் போன கை போட்டதா எடுத்ததா என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. நாளாவட்டத்தில் வாசலைத் தாண்டும் எல்லோருமே ஒருமுறை கையை நுழைத்துவிட்டுப் போவது பழக்கமாகிவிட்டது. பவித்ரா இப்போது முதுகலை இயற்பியலில் முதல் மாணவி. அவளும் தினமும் கையை நுழைக்கிறாள். எதற்கென்று ஆனந்த்ராஜ் கேட்டதில்லை.

எட்டரை மணிக்கு ஈஸ்வரனின் கார் நேராகக் கேன்டீனுக்கே வந்துவிட்டது. மாட்டுத்தரகராகத் தொடங்கி, இன்று மூன்று தீவன ஆலைகளுக்கு முதலாளியான மனிதர். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. டிரைவரை டீசல் போட்டுவர அனுப்பிவிட்டு இறங்கினார்.

"ஏனுங்க தம்பி, பட்டியல் இல்லைன்னு பதிவாளர் போன்ல அழுவறாரு?"

"இல்லைங்கய்யா. பேர் எழுதினா பிள்ளைக சாப்பிட மாட்டாங்க."

"என்ற காசு எந்த வாய்க்குப் போவுதுன்னு நானு பாக்க வேண்டாமுங்களா?" சிரித்தார். "பட்டியலே வேண்டாம் போங்க. மாட்டோட நடையைப் பார்த்தே எத்தனை பல்லுன்னு சொல்லுவேன். பசிச்ச மூஞ்சி எனக்குத் தெரியாதா? இங்கயே நின்னு நானே சொல்றேன்."

நின்றார். கைகள் பெட்டிக்குள் போவதும் வருவதுமாக இருந்தன. கூலிங் கிளாஸ் போட்ட பையன் ஒருவன், கூட்டமாக நான்கு பெண்கள், காதில் போனை வைத்தபடியே ஒருவன். ஈஸ்வரன் கண்ணைச் சுருக்கினார். ஒல்லியாக, சாயம் போன சுடிதாரில் வந்த ஒரு பெண் கையை நுழைத்து எடுத்ததும் உற்சாகமாகிவிட்டார்.

"அதா! அந்தப் புள்ள எடுத்துது. பாவம், சரியாச் சாப்பிட்டு நாலு நாளாயிருக்கும்."

கல்லாவில் இருந்த வியாகுலம்மாள் பெருங்குரலில் சிரித்தாள். "அய்யா, அது கணக்கு டீச்சரு! நேத்துதான் எங்கிட்ட இருபது டோக்கன் வாங்குச்சு. ஒல்லியா இருக்குறது அவுக வீட்டு வாகு."

சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசைகளில் சிரிப்பு பரவியது. ஈஸ்வரனின் முகம் சிவந்தது. தீர்ந்தது, கார் திரும்பி வந்ததும் இவர் ஏறிப் போய்விடுவார் என்று நினைத்தான் ஆனந்த்ராஜ்.

ஆனால் ஈஸ்வரன் பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டார். நெற்றியில் வியர்வை. "சர்க்கரைங்க. காலையில மாத்திரை போட்டேன், சாப்பிடலை. ஒரு தோசை குடுங்கம்மா."

"டோக்கன்?"

ஈஸ்வரன் மடியைத் தடவினார். பணப்பையும் போனும் காரில் போயிருந்தன. ஆனந்த்ராஜ் பதறிப்போய்ச் சட்டைப் பையில் கைவிட்டான். வியாகுலம்மாள் கண்ணாலேயே அவனை நிறுத்தினாள்.

"அலுவலர் சார், நீங்க சும்மா இருங்க. அய்யா, டோக்கன் இல்லாம எம்மகனுக்கே இங்க தோசை கெடையாது. பெட்டி அந்தா இருக்கு. எல்லாருக்குந்தான் இருக்கு."

ஈஸ்வரன் பெட்டியைப் பார்த்தார். பின்பு இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். துணிக்குள் கையை நுழைத்தார். யாரும் தலை நிமிரவில்லை. யாரும் நின்று பார்க்கவில்லை. பின்னால் வந்த பையன், "செத்த நகருங்கய்யா" என்று தன் கையையும் நுழைத்துவிட்டுப் போனான். அவ்வளவுதான்.

இரண்டு தோசை, கொஞ்சம் பொங்கல். மூலை மேசையில் உட்கார்ந்து, இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்தவர் வெகுநேரம் அந்தக் கறுப்புத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, கையை விடறதுக்கு முந்தி நானு திரும்பிப் பார்த்தனுங்க. யாராச்சும் பாக்கறாங்களான்னு. எனக்கே அப்படி இருந்துது பாத்துக்குங்க."

"தெரியும்ங்கய்யா."

"மாட்டுச் சந்தையில வெலையை நாங்க வாயில சொல்றதில்லைங்க. துண்டைப் போட்டு மூடி, உள்ள விரலைப் புடிப்போம். விக்கறவன் எந்தக் கஷ்டத்துல விக்கறான்னு சுத்தி நிக்கறவனுக்குத் தெரியப்படாது. நாப்பது வருசம் அந்தத் துண்டுலதான் பொழைச்சேன். பொட்டி வாயில துணியைப் பார்த்ததுமே எனக்குப் புரிஞ்சிருக்கோணும். பட்டியல் கேட்டுப்போட்டேன் பாருங்க!"

தோளிலிருந்து துண்டை எடுத்தார். "கையை நீட்டுங்க. ஒரு விரலுக்கு ஒரு வருசம். அறுபது புள்ளைகளுக்கும்."

துண்டு இருவர் கைகளையும் மூடியது. ஆனந்த்ராஜின் சுண்டுவிரலை ஒரு முரட்டுக் கை பற்றியது. பின் அடுத்தது. அதற்கடுத்தது. கடைசியில் கட்டைவிரல் உட்பட ஐந்தையும் சேர்த்து ஒரே பிடியாகப் பிடித்தது. துண்டுக்கு வெளியே ஈஸ்வரனின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. தேர்ந்த தரகரின் முகம்.

அப்போதுதான் பதிவாளர் போட்டோகிராபரோடு வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். "அய்யா, மேடை ரெடி! மாலை ரெடி! ஆனந்த்ராஜ், என்னய்யா பண்ற? அய்யா எவ்வளவு தர்றதாச் சொன்னாரு?"

ஆனந்த்ராஜ் ஈஸ்வரனைப் பார்த்தான். அவர் கண்ணைச் சிமிட்டினார்.

"துண்டுக்குள்ள சொன்னாருங்க சார். வெளிய சொல்றதில்லையாம். செக் வரும்போது நீங்களே பாத்துக்குங்க. பெட்டி மட்டும் எடம் மாறாது."

"அப்ப போட்டோ?"

"பொட்டியைப் படம் புடிச்சுக்கச் சொல்லுங்க," என்றார் ஈஸ்வரன், துண்டை உதறித் தோளில் போட்டபடி. "அதுக்குக் கூச்சம் கெடையாதுங்க."

கார் திரும்பி வந்ததும் பணப்பையை எடுத்துக்கொண்டு வியாகுலம்மாளிடம் போய் ஏதோ பேசினார். போகிற போக்கில் பெட்டிக்குள் கையை நுழைத்துவிட்டு ஏறிக்கொண்டார். எத்தனை டோக்கன் என்று ஆனந்த்ராஜ் வியாகுலம்மாளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள்.

ஒன்பதரை மணிக்கு, வகுப்புக்கு ஓடிக்கொண்டிருந்த பவித்ரா வாசலில் நின்று, வழக்கம்போலக் கையை நுழைத்து எடுத்தாள். "என்ன சார், இன்னிக்கு இம்புட்டு நிமிர்ந்து நிக்கிறீக?"

"சும்மாதான்மா. போ, மணி அடிக்கப் போவுது."

அவள் போனதும் ஆனந்த்ராஜ் தன் வலது கையை விரித்துப் பார்த்தான். ஐந்து விரல்களும் இன்னும் சிவந்திருந்தன.