மீதி வியாழக்கிழமை

வகுப்பில் அவளுக்குச் சூறாவளி என்று பெயர். வேதியியல் இரண்டாம் ஆண்டு. ஒரு வேலையைக் கையில் எடுத்தால் முடியும்வரை தானும் உட்காரமாட்டாள், பக்கத்தில் இருப்பவரையும் உட்காரவிடமாட்டாள். கல்லூரிக் கவிதை மன்றம் அவள் பொறுப்புக்கு வந்தபோது குற்றுயிராகக் கிடந்தது. போன வருட வாசிப்புக்கு வந்தவர்கள் பதினாறு பேர். அதில் பத்துப் பேர் வாசிக்க வந்தவர்கள். ஒருவர் மின்விசிறிக்காக வந்து தூங்கியவர்.

"இந்த வருஷம் அரங்கு நிறையணும்" என்றாள்.

மன்றத்தின் இணைச் செயலாளன் நெட்டை சிரித்தான். "நூத்தம்பது நாற்காலி. ஆளுக்குப் பத்து கொடுத்தா நிறைஞ்சிடும்."

நாற்பத்து மூன்று கவிதைகள் வந்தன. எழுதியவர் பெயரை நூலகர் மறைத்து எண் போட்டுக் கொடுக்க, அவளும் நெட்டையும் உட்பட ஐந்து பேர் படித்துத் தேர்ந்தெடுப்பது என்று அவள்தான் விதி வைத்திருந்தாள். பத்தொன்பதாம் எண்ணைப் படித்ததும் நெட்டை மூக்கைச் சுருக்கினான்.

"இது கவிதையா, சுற்றறிக்கையா? வேண்டாம்னா கை தூக்குங்க."

நான்கு கைகள் உயர்ந்தன. ஒரு நொடி தாமதித்து அவளும் தூக்கினாள். பத்தொன்பது அவளுடையது.

வீட்டுக்குப் போய் அதை எடுத்துப் படித்தாள். முதல் தடவை நெட்டையின் மேல் ஆத்திரம் வந்தது. மூன்றாம் தடவை அவன் சொன்னது சரி என்று பட்டது. காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, தேர்வான பன்னிரண்டையும் எடுத்து வாய்விட்டுப் படித்தாள். கண் கலங்கியது. 'இதையெல்லாம் பதினாறு பேர் கேட்டா போதுமா?'

பளபளவென்று சுவரொட்டி அடித்து ஒட்டினார்கள். மாணவர்கள் அதன்மேல் சாய்ந்து நின்று கதை பேசினார்களே தவிர, ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வாசிப்புக்கு இன்னும் ஐந்தே நாள். அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. எழுதியவர்களிடம் சம்மதம் கேட்டு, ஒவ்வொரு கவிதையிலும் முதல் இரண்டு வரியை மட்டும் துண்டுச் சீட்டில் அச்சடித்தாள். கீழே ஒரே வரி: 'மீதி வியாழக்கிழமை, மூன்று மணி, அரங்கில்.'

உணவகத்தின் மேசைகளில், ஆய்வகக் கதவில், பேருந்து இருக்கைகளின் முதுகில் எல்லாம் சீட்டுகள். மறுநாள் மதியம் உணவகத்தில் சாப்பாட்டை ஆறவிட்டு இரண்டு பேர் மல்லுக்கட்டினார்கள்.

"'அறையில் நான்கு கட்டில், தூங்குவது மூன்று பேர்.' நாலாவது ஆள் செத்துட்டான்டா!"

"போடா, அவன் காதலிக்கிறான். அதான் தூக்கம் வரல."

பின்மேசையில் இருந்த சூறாவளி தட்டுக்குள் தலையைக் குனிந்து சிரித்தாள். மாலைக்குள் ஆறு பேர் அவளை மறித்துக் கேட்டுவிட்டார்கள். அவளா சொல்வாள்!

வியாழக்கிழமை இரண்டு ஐம்பதுக்கு அரங்கில் எட்டுப் பேர். அவள் வாசலுக்கே போய் நின்றுகொண்டாள். இரண்டு ஐம்பத்தைந்துக்கு இயந்திரவியல் மாணவர்கள் கூட்டமாக நுழைந்தார்கள், பின்னாலேயே கணிதத் துறை. மூன்று அடிக்கும்போது ஓரத்துச் சுவரெல்லாம் ஆட்கள். அரங்கக் காவலர், "படியிலயாவது வழி விடுங்கப்பா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

மருத்துவமனையில் காலை வேலை முடிந்து, செவிலியர் சீருடையோடே அக்கா வந்து சேர்ந்தாள். "உன் கவிதை எப்போடி?"

"என்னுது தேறலக்கா. நானே கை தூக்கித் தள்ளிட்டேன்."

"அப்புறம் எதுக்கு ஒரு மாசமா இந்த ஓட்டம்?"

"கேட்டுட்டுச் சொல்லு" என்று கடைசி வரிசையில் பிடித்து வைத்திருந்த நாற்காலியில் அவளை உட்கார வைத்தாள்.

ஏழாவதாக ஒல்லியான பையன் ஒருவன் வந்தான். 'அறையில் நான்கு கட்டில்' என்று தொடங்கியதுமே அரங்கு முன்னால் சாய்ந்தது. நான்காமவன் மூன்று குறட்டைகளையும் பிரித்தறியக் கற்றவன் என்று வந்தபோது சிரிப்பு அலைமோதியது. வீட்டில் சுவருக்கு அப்பால் அப்பாவின் இருமலைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காது அது, விடுதியில் அந்த இருமல் கேட்காததால்தான் தூக்கம் வரவில்லை என்று அவன் முடித்தான். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. சூறாவளிக்கு நெஞ்சு விம்மியது. தான் எழுதியிருந்தால்கூட இத்தனை பூரிப்பு இருந்திருக்காது.

நெட்டை நெருங்கி வந்தான். "பத்தொன்பது உன்னுதாமே? நூலகர் இப்பதான் சொன்னாங்க. சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா சுற்றறிக்கைய மேடையேத்தியிருப்ப. பேசாம நில்லு, எட்டாவது வருது."

கடைசி வரிசையில் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரென்றே தெரியாத பக்கத்து இருக்கைக்காரரின் தோளைத் தட்டினாள்.

"அதோ, ஓரமா நிக்குதே ஒரு பொண்ணு, பார்த்தீங்களா? இத்தனையும் அவ ஏற்பாடு. என் தங்கச்சி."