தூர் வாரிய புண்ணியம்

சுகப்பிரியா திருநெல்வேலியில் விலங்கியல் முதுகலை முடித்தவள். ஒரகடத்தில் கார் கதவுக்கு ரப்பர் பட்டை செய்யும் தொழிற்சாலை அவளைச் சுற்றுச்சூழல் அலுவலராக எடுத்துக்கொண்டது. விலங்கியலுக்கும் ரப்பருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. படித்த படிப்புக்குத்தான் வேலை என்றிருந்தால் பாதி நாடு வீட்டில்தான் உட்கார்ந்திருக்கும்.

தொழிற்சாலையின் பின்மதிலோரம் ஒரு பள்ளம் கிடந்தது. வருஷத்தில் முக்கால்வாசி அது வெறும் வெடித்த மண். ஆனியில் இடியோடு நாலு மழை பெய்ததும் முழங்காலளவு கலங்கல் தண்ணீர் நின்றது. கழிவு கலந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வாளி மொண்டவள், வாளியைக் கீழே வைக்க மறந்து நின்றாள்.

செவுள்காலிகள்! கல்லூரியில் புட்டிக்குள் பிணமாகத்தான் பார்த்திருக்கிறாள். காலாலேயே நீந்தி, காலாலேயே மூச்சும் விடுகிற ஜீவன்கள். நண்டுக்கும் இறாலுக்கும் மிகப் பழைய தாயாதிகள். அவற்றில் மூன்று வகையும் அந்த வாளிக்குள் இருந்தன. முதுகில் கேடயமும் பின்னால் இரட்டை வாலுமாக ஒன்று அடிமண்ணைக் கிளறியது. ஓடே இல்லாத இன்னொன்று மல்லாந்தபடியே நீந்தியது. மூன்றாவது இரண்டு சிப்பிகளுக்கு நடுவே ஒடுங்கிக்கொண்டு, கூச்சக்கார மருமகள் மாதிரி அவ்வப்போது காலை மட்டும் வெளியே நீட்டியது. சந்தோஷத்தில் சுகப்பிரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று மதியம்தான் தெரிந்தது, அந்தப் பள்ளத்தை மூடி லாரி நிறுத்தப் போகிறார்கள் என்று. தொழிற்சாலைத் தலைவர் பரசுராமனிடம் ஓடினாள். பரசுராமன் நல்ல மனிதர். அதுதான் பின்னால் வினையாயிற்று. அவர் கணக்கில் உலகத்து உயிர்கள் இரண்டே வகை: ஆடிட்டில் காட்டக்கூடியவை, காட்டக் கூடாதவை.

"இறால் ஜாதியா? வறுக்கலாமா?" என்றார்.

"சின்னதா இருக்கும் சார். ஆனா டைனோசருக்கு முந்தியே வந்த வம்சம்."

"டைனோசருக்கு முன்னாடியா!" பரசுராமன் எழுந்தே நின்றுவிட்டார். "இத்த ஏம்மா நீ மொதல்லயே சொல்லல?"

லாரி நிறுத்தம் வேறு பக்கம் போயிற்று. சுகப்பிரியாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லாமல் விட்டாள். இந்த ஜீவன்களுக்கு வறட்சிதான் கோட்டை. தண்ணீர் வற்றினால் இவை செத்துப்போகும். முட்டைகள் காய்ந்த சேற்றுக்குள் வருஷக்கணக்கில் அடுத்த மழைக்குக் காத்துக்கிடக்கும். தண்ணீர் வற்றாமல் நின்றால் மீன் வந்துவிடும். மீன் வந்தால் வம்சம் முடிந்தது. இதைச் சொன்னால், காய்ந்த பள்ளம்தானே என்று லாரிக்காரர்களுக்கு மறுபடி ஆசை வந்துவிடுமோ என்று அவளுக்குப் பயம். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். பள்ளமும் முறைப்படி வற்றியது. அவள் நிம்மதியாக ஆடி மாசக் கோயில் கொடைக்கு ஊருக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது பள்ளத்தைக் காணோம். நாலு புறமும் கருங்கல் படி, கம்பி வேலி, கலர் விளக்கு, நடுவில் டேங்கரில் கொண்டுவந்து கொட்டிய தண்ணீர் தளும்பத் தளும்ப. 'பாரம்பரியக் குளம்' என்று ஒரு பலகை.

பரசுராமன் புது மாப்பிள்ளையின் தகப்பன்போல் நின்றார். "எப்படிம்மா? ஒரே சேறு. மொத்தமா தூர் வாரிட்டோம். இனிமே எந்தக் கோடையிலயும் வத்தாது. ஒன் இறாலுக்குத் தொணையா மீன் குஞ்சும் விட்டிருக்கேன்."

"சார், காஞ்சாத்தான் சார் அது பொழைக்கும்! முட்டையெல்லாம் அந்தச் சேத்துலதான் சார் கெடந்துது!"

"கொளம் காயணுமா? தூர் வாருனது தப்பா?" உண்மையிலேயே மனம் புண்பட்டுக் கேட்டார்.

நம் ஊரில் ஒருவரிடம் போய்த் தூர் வாரியது பாவம் என்று சொல்வது, அன்னதானம் போட்டது பாவம் என்று சொல்வதற்குச் சமம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். செவுள்காலியோ பாவம், சுகப்பிரியாவின் திறக்காத வாயால் கெட்டது. கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அழுது முடித்ததும், தூர் வாரிய ஜேசிபி ஓட்டுநர் சுப்பனைத் தேடிப் பிடித்து, மண்ணை எங்கே கொட்டினான் என்று கேட்டாள்.

"பிள்ளைப்பாக்கத்தாண்ட ப்ளாட் போட்டுக்கினு கீறாங்க மேடம். தாழ்வான எடம், அங்க பரப்பி வுட்டோம். இன்னாத்துக்குக் கேக்கற?"

ஐப்பசியில் மழை கொட்டி ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனாள். எல்லைக் கற்களுக்கு நடுவே ஒரு மனையில் தண்ணீர் தேங்கியிருந்தது. குந்தி உட்கார்ந்து பார்த்தாள். முதலில் இரட்டை வால் தெரிந்தது. பிறகு மல்லாந்து நீந்தும் வகை. கொஞ்ச நேரம் பொறுத்து, சிப்பிக்குள்ளிருந்து ஒரு கூட்டம் காலை நீட்டியது. சுகப்பிரியா தன்னை மறந்து சிரித்தாள்.

"இன்னாமா அப்டி பாக்கற?" மனை பார்க்க வந்த மீனம்மாள் என்ற பெண்மணி குடையோடு நின்றாள். "இந்த ப்ளாட்டத்தான் எடுக்கலாம்னு கீறோம். தண்ணி நிக்குமா?"

"நிக்கும்க்கா. வீடு கட்டினா கஷ்டம்," என்றாள் சுகப்பிரியா, சுத்த உண்மையாக. பாதி அந்த அம்மாளுக்காக. பாதிக்கு மேல் தண்ணீருக்குள் இருந்தவர்களுக்காக.

"நீ நல்லாருப்பே தாயீ," என்று மீனம்மாள் அடுத்த மனையைப் பார்க்கப் போனாள்.

அப்போது பரசுராமன் போனில் வந்தார். "சுகப்பிரியா, தலைமை அலுவலகத்துலேர்ந்து பெரியவங்க வராங்க. டைனோசர் காலத்து இறாலைப் பாக்கணுமாம். நம்ம கொளத்துல ஒண்ணுகூடக் காணோம், மீனுதான் கொழுத்துப்போய்க் கெடக்குது. வேற எங்கயாவது இருக்கா சொல்லு. இருந்தா வண்டியோட ஆளுங்கள அனுப்பறேன். மொத்தத்தையும் அள்ளிக்கினு வந்து நல்லாப் பாதுகாத்துடலாம்."

சுகப்பிரியா காலடித் தண்ணீரைப் பார்த்தாள்.

"எங்கயும் இல்ல சார்," என்றாள். "பூரா அழிஞ்சு போச்சு."