முத்துராஜைக் கொல்லாத கதை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எனக்கு மாடியிலிருந்து கிடைத்தது. திருக்கோகர்ணத்தில் நான் குடியிருக்கும் வீட்டு மாடியில் ரஞ்சிதா டீச்சர் ஆங்கிலம் நடத்துகிறார். ராணுவத்துக்குத் தேர்வாகி, முகாமுக்குக் கிளம்பக் காத்திருக்கும் பையன்களுக்கு. துப்பாக்கியின் பாகங்கள், வரைபடம், அடிபட்டால் எங்கே வலிக்கிறது என்று டாக்டரிடம் சொல்வது, இவ்வளவுதான் பாடம். காலை ஆறு மணிக்கு "புரிஞ்சுதா?" என்பார். முப்பது தொண்டைகள் "யெஸ் மேடம்!" என்று கத்தும். என் தூக்கம் போச்சு. அந்த எரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "பனி மூடிய சிகரத்தில் முத்துராஜ் தன் துப்பாக்கியை..." (அடித்துவிட்டேன். நான் கொடைக்கானலையே தாண்டாதவன்.)

இரண்டாவது: "வீரம் விளையும் மண்ணில் ஒரு பெண்..." (டீச்சரே சிவப்பு மையில் சுழித்துவிடுவார்.)

பேசாமல் நடந்ததையே சொல்கிறேன்.

டீச்சர் ஒரு வாக்கியத்தைத் தினமும் சொல்லவைப்பார். 'எனக்குப் புரியவில்லை ஐயா, மறுபடி சொல்லுங்கள்' என்பதன் ஆங்கிலம். கோரஸாக ஐம்பது தடவை சொல்வார்கள். தனியாகக் கேட்டால் மட்டும் எல்லாருக்கும் எல்லாம் புரிந்திருக்கும். புரியலை என்று சொல்வது அவர்களுக்கு ஓட்டத்தில் பாதியில் உட்கார்வது மாதிரி. அதிலும் அரிமளத்து முத்துராஜ், கேள்வி முடிவதற்குள் யெஸ் மேடம். டெஸ்டில் தேறவில்லை. கிளம்பும் நாளில் முகத்தைத் தொங்கப்போட்டு நின்றான். டீச்சர் மனசு இளகி, தேறியதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

3

போன வியாழக்கிழமை டிவியின் அடியில் ஒரு வரி ஓடியது: பயிற்சி முகாமில் கையெறி குண்டு வெடித்து இளைஞர் படுகாயம். எந்த முகாம் என்று இல்லை. பையன்களுக்கு ஞாயிறன்றுதான் போன் கிடைக்கும். முத்துராஜ் வீட்டிலும் ஒன்றும் தெரியவில்லை.

டீச்சர் என் வாசற்படியில் வந்து உட்கார்ந்தார். "குண்டைக் கையில குடுக்குறதுக்கு முன்னாடி புரிஞ்சுதான்னு கேட்டிருப்பாங்க சார். அவன் யெஸ்ஸுன்னுருப்பான். நாந்தானே அவனைப் பாஸ் பண்ணிவிட்டேன்?"*

* அடிக்குறிப்பு: இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது, கதைக்கு முடிவு கிடைத்துவிட்டதே என்று. வெட்கமாகத்தான் இருக்கிறது. "கொடி போர்த்திய பெட்டி அரிமளம் கடைவீதிக்குள் நுழைந்தபோது" என்று எழுதியும் வைத்தேன். டீச்சர் அதைப் பார்த்துவிட்டார். "பேப்பர்லகூட அவனைக் கொல்லாதீங்க சார்" என்றார். கிழித்துப் போட்டேன்.

4

ஞாயிறு பதினோரு மணிக்கு டீச்சரின் போன் அடித்தது.

"மேடம், முத்துராஜ் பேசுறேன். நல்லாருக்கீங்களா?"

எனக்கும் கேட்கும்படி டீச்சர் ஸ்பீக்கரில் போட்டார். "டிவியில குண்டு வெடிச்சுதுன்னு..."

"அது வேற கேம்ப்புங்க மேடம், பயப்படாதீங்க. எங்களுக்கு நேத்துதான் குண்டு எறியுற பயிற்சி. வாத்தியாரு கடகடன்னு இங்கிலீஷ்ல சொல்லிட்டு, புரிஞ்சுதான்னாரு. எல்லாரும் யெஸ் சார்னாங்க. எனக்குக் குண்டுல இருக்குற ஊசிய எப்ப உருவணும்னே தெரியலை. நீங்க சொல்லிக்குடுத்தத அப்படியே சொல்லிட்டேன். மைதானத்த எட்டு ரவுண்டு ஓடவிட்டுட்டாரு."

"ஐயோ! அப்புறம்?"

"ஓடி முடிச்சு வந்து பாக்குறேன், இன்னும் பதினோரு பேரு புரியலைன்னு கையத் தூக்கிக்கிட்டு நிக்குறாங்க மேடம்."

டீச்சர் அழுதுகொண்டே சிரித்தார். அப்பாடா என்று நானும் சுவரில் சாய்ந்துவிட்டேன்.

5

முடிவு (அ): முத்துராஜுக்குப் பதக்கம். (வேண்டாம். எட்டு ரவுண்டு போதும்.)

முடிவு (ஆ): திங்கட்கிழமை காலை ஆறு மணி. மாடியில் "புரிஞ்சுதா?" என்றார் டீச்சர். வழக்கமான யெஸ் மேடம் எழவில்லை. ஒற்றைக் குரல் மட்டும்: "புரியலை மேடம்." நான் போர்வையை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுத்தேன்.

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் டிவியில் ஓடிய அந்த வரியில் ஒரு பையன் இருக்கிறானே. அவன் பெயர் தெரியாது, ஊர் தெரியாது. அவனும் யாரிடமோ யெஸ் சொல்லியிருப்பான். என்ன ஆனான் என்று அப்புறம் எந்தச் செய்தியிலும் வரவில்லை. அவனை உங்களிடம் விடுகிறேன். பேப்பரில்கூடக் கொன்றுவிடாதீர்கள்.