விரதச் சம்புடம்

புற்றுமண் கேட்டு வந்த மைத்துனனிடம் என் மாத்திரைகளை என் கையாலேயே தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

வாசுதேவநல்லூரில் அவன் மகளுக்கு உடம்பெல்லாம் சொறி. டாக்டர் களிம்பு கொடுத்திருந்தார். இருந்தாலும் எங்கள் ஊர்க் கோயில் புற்றுமண்ணையும் குழைத்துப் பூசினால்தான் அவர்கள் வீட்டில் மனம் ஆறும். அடுப்படியிலிருந்து என் மனைவி முத்துமீனாள், “ஏங்க, சாமி அலமாரியில சம்புடம் இருக்கு, எடுத்துக் குடுங்க” என்றாள். நான் போனில் ஒரு மனுதாரரிடம் அவருடைய பட்டா பரிசீலனையில் இருப்பதாக விளக்கிக்கொண்டிருந்தேன். தாலுகா அலுவலகத்தில் இருபது வருடமாக நான் சொல்லிவரும் ஒரே பதில் அது. அலமாரியில் ஒரே மாதிரி இரண்டு எவர்சில்வர் சம்புடங்கள். கைக்கு வந்ததைக் கொடுத்தேன். அவன் பைக் தெருமுனை திரும்பிய பிறகுதான் மிச்சமிருந்ததைத் திறந்து பார்த்தேன். உள்ளே வெறும் புற்றுமண்.

அவனோடு போன சம்புடத்தில் மேலே ஒரு விரல்கடை மண். அடியில் காகிதத்தில் சுற்றிய டெனோஃபோவிர் மாத்திரை அட்டை.

எட்டு மாதத்துக்கு முன் அலுவலகத்தில் ரத்ததான முகாம் நடந்தது. ஒரு வாரம் கழித்து நேரில் வரச் சொல்லி அழைத்தார்கள். பாராட்டுச் சான்றிதழ் தரப்போகிறார்கள் என்று இஸ்திரி போட்ட சட்டையோடு போனேன். உங்கள் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி இருக்கிறது என்றார்கள். பிறகு பார்த்த டாக்டரம்மா, வைரஸ் எக்கச்சக்கமாக இருக்கிறது, ஈரலும் வீங்கத் தொடங்கியிருக்கிறது, தினம் ஒரு மாத்திரை என்றார். இன்னும் நிறையச் சொன்னார். வைரஸ் என்ற சொல்லுக்குப் பிறகு எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை.

ஈரல் கெட்டது என்றால் எங்கள் தெருவில் குடித்தே கெடுத்தான் என்றுதான் பேசுவார்கள். வாழ்நாளில் சர்பத்துக்கு மேல் குடித்தறியாத எனக்கு அந்தப் பேர் அநியாயம். முத்துமீனாளிடமாவது சொல்லியிருக்கலாம். ஆனால் என்னிடமிருந்து அவளுக்கும் வந்திருந்தால் என்ற பயத்தில் அம்மனைத் துணைக்கு இழுத்தேன். கோமதியம்மனுக்கு ஒரு மண்டலம் விரதம். தனித் தம்ளர், தனித் துண்டு, முன்னறையில் தரையில் படுக்கை என்று அறிவித்தேன். தினமும் குளித்துவிட்டு அலமாரி முன் கண்மூடி நின்று, விரதச் சம்புடத்தைத் திறந்து, மாத்திரையைத் தீர்த்தத்தோடு விழுங்குவேன். நாற்பத்தெட்டு நாள் கழிந்ததும் விரதத்தை நீட்டித்தேன். அரசாங்க ஊழியனுக்கு நீட்டிப்பு உத்தரவு போடத் தெரியாதா?

குழந்தை மாத்திரையை எடுத்து வாயில் போட்டுவிட்டால்? வாசுதேவநல்லூருக்கு ஸ்கூட்டரை முறுக்கினேன். மைத்துனன் சங்கரகணேஷ் வாசலிலேயே சம்புடத்தோடு நின்றான்.

“பிள்ள தொடல அத்தான். பயப்படாதீக.”

“அது வந்து மாப்ள, ஆபீஸ்ல ஒரு நண்பனுக்கு...”

“போன்ல பேரப் போட்டுப் பாத்தேன். அக்காட்டயும் சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னா?”

“முழுசாக் கேட்டா. போன வச்சிட்டா. நீங்களே கேட்டுக்கிடுங்க.”

திரும்பி வரும்போது ஸ்கூட்டர் மாட்டுவண்டி வேகத்தில்தான் வந்தது. வீட்டில் முத்துமீனாள் எனக்குச் சோறு போட்டாள். சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தாள்.

“ஒரு மண்டலம்னு சொன்னீக. இன்னிக்கோட அஞ்சு மண்டலம். என்னையப் பிடிக்காமத்தான் தள்ளிப் படுக்கீகன்னு நெனச்சேன்” என்றாள். “நெசமாவே அம்மனுக்குத்தான்னு நம்பி நானும் மூணு வெள்ளிக்கிழம விளக்குப் போட்டேன், இவுக விரதம் சீக்கிரம் முடியட்டும்னு.”

நான் எழுந்து போய் என் தட்டை நானே கழுவினேன்.

மறுநாள் டாக்டரம்மா முன் அவள்தான் பேசினாள். நான் எட்டு மாதமாக நண்பன் பேரிலும் சித்தப்பா மகன் பேரிலும் மருந்துக் கடையில் சுற்றிவளைத்துக் கேட்டதையெல்லாம் வரிசையாகக் கேட்டாள்.

“ஒரே தம்ளர்ல குடிச்சா ஒட்டுமா?”

“ஒட்டாது. சேந்து சாப்பிடலாம், சேந்து படுக்கலாம். ரத்தத்துல பரவும், உடலுறவுல பரவும். ரேசர், பல் பிரஷ் தனியா வச்சுக்கோங்க. உங்களுக்கு டெஸ்ட் எடுக்கணும். இல்லன்னு வந்தா மூணு தடுப்பூசி. அது முடிஞ்சு பலன் தெரியிற வரைக்கும் ஆணுறை.”

நான் மின்விசிறியைப் பார்த்தேன். அதற்கு மூன்று இறக்கைகள்.

“இவுக மாத்திரை எத்தன நாளைக்கு?”

“வருஷக்கணக்கா இருக்கலாம். வைரஸ் நல்லா அடங்கியிருக்கு. அதுக்காக இவரா நிறுத்தினா திரும்பிச் சீறும். இதெல்லாம் முதல் நாளே இவர்ட்ட சொன்னேனே? மனைவியக் கூட்டிட்டு வாங்கன்னும் சொன்னேன்.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் மறுபடி மின்விசிறிக்குப் போனேன்.

அவள் ரத்தம் கொடுத்தாள். முடிவு மறுநாள் மாலை. அந்த ஒரு நாளில் நான் என்னைப் பற்றி ஒரு தடவைகூடக் கவலைப்படவில்லை. மாலையில் பரிசோதனைக் கூடத்தில் உறையைக் கொடுத்த பெண், “டாக்டர்ட்ட காட்டிக்கோங்க” என்றாள். முத்துமீனாள் எனக்குப் பெஞ்சைக் காட்டி, “நீங்க இங்கனயே இருங்க” என்று சொல்லிவிட்டுத் தனியாக டாக்டரம்மா அறைக்குள் போனாள். இருபது நிமிடம். எட்டு மாதம் தரையில் படுத்ததைவிட அந்த மரப் பெஞ்சு வலித்தது.

வெளியே வந்தவளின் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை.

“என்ன சொன்னாங்க?”

“டீ குடிப்பமா?”

எதிர்க் கடையில் இரண்டு டீ சொன்னேன். டீ வந்தது. அவள் ஆற்றி ஆற்றிக் குடித்தாள்.

“மீனா, முடிவு என்னாச்சு?”

“பரிசீலனையில இருக்கு.”

டீக்கடைக்காரர் சிரித்துவிட்டார். அவர் பட்டா மனுவும் என்னிடம்தான் கிடக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் அவள் தம்ளரைக் கீழே வைத்தாள். புடவைத் தலைப்பை விலக்கி, மேல்கையில் ஒட்டியிருந்த பஞ்சைக் காட்டினாள்.

“எனக்கு இல்ல. முதல் ஊசி போட்டாச்சு. உங்கள விட்டுட்டு நான் எங்கயும் போகல. ஆனா நோய மறைச்சதுக்கு இல்ல, எட்டு மாசம் என்னையப் பிடிக்கலன்னு நெனைக்க விட்டதுக்கு, இன்னும் கொஞ்ச நாளைக்குக் கோவமாத்தான் இருப்பேன்.”