பதினொரு வருட ஃபிட்டர்

டிப்போவின் நான்காம் பாதையில் நின்ற ரயிலுக்குள் கணேசலிங்கம் முழந்தாளிட்டுச் சூயிங்கம் சுரண்டிக்கொண்டிருந்தார். மென்றதை இருக்கைக்கு அடியில் ஒட்டுவதில் மெல்பேர்ன் சனம் கைதேர்ந்தது. ஒரு பெட்டிக்குப் பதினெட்டு நிமிடம்தான் கணக்கு.

எதிரே ஜன்னல் துடைத்த விக்டர் அன்றைக்கும் தன் கழகக் கதையைத் தொடங்கிவிட்டார். சோவியத் காலத்தில், கஸக்ஸ்தானின் ஒரு ரயில் சந்தியில் இருந்த ரயில்வேத் தொழிலாளர் உதைபந்தாட்டக் கழகம். விக்டர் இடது பக்க முன்வரிசைக்காரர். தொண்ணூற்றிரண்டில் நாடே இல்லாமல் போனபோது கழகமும் போனது. கடைசிச் சம்பளம் ஆளுக்கொரு மூட்டை நிலக்கரி. அந்தக் குளிருக்கு மைதானத்தில் சனம் குந்தியிருந்து பார்க்கிற மர வாங்குகளை ஊர்ச்சனம் உடைத்து எரித்தது. கோல் கம்பங்கள் பழைய இரும்புக்குப் போயின. கணேசலிங்கம் இதை ஐம்பது தடவை கேட்டிருப்பார், அலுக்கவில்லை. நாடு இல்லாமல் போவது அவருக்கும் விளங்குகிற விஷயம்தான்.

அன்று மட்டும் காது கொடுக்க முடியவில்லை. டிப்போவில் ஃபிட்டர் உதவியாளர் இடம் ஒன்று விழுந்திருந்தது. நிரந்தர வேலை, சம்பளத்தோடு லீவு. இப்போதோ இன்றைக்கு வேலை உண்டா இல்லையா என்று காலையில் போனில் வரும் செய்திதான் சொல்லும். கிளிநொச்சியில் பன்னிரண்டு வருடம் பஸ்களுக்கு ஏர் பிரேக் பூட்டியவர் அவர். இடைவேளையில் மேற்பார்வையாளர் பிரசன்னாவைப் பிடித்தார். கோயம்புத்தூர்ப் பிள்ளை, நல்லவன், ஆனால் ஃபைலைத் தாண்டி ஓரடி வைக்கமாட்டான்.

"தம்பி, அந்த வேலைக்கு நானும் அப்ளை பண்ணினனான்."

"பார்த்தேன் அண்ணா. சர்டிபிகேட் எதுவுமே இல்லையே?"

"சண்டைக்குள்ள ஓடேக்க எல்லாம் போயிட்டுது. ஒருக்கா ஸ்பேனரைக் கையில தந்து பாருங்கோவன்."

"உங்களுக்கு வேலை தெரியும்னு எனக்குத் தெரியும் அண்ணா. ஆபீஸ்ல பேப்பர்தான் கேப்பாங்க."

அதே வேலைக்கு விக்டரும் அப்ளை பண்ணியிருந்தார்; பேப்பர் அவரிடம் இருந்தது. கழகம் செத்தும் சாகாத சோவியத் தொழில் பதிவுப் புத்தகம் ஒன்று: ரயில் எஞ்சின் ஃபிட்டர், பதினொரு வருடம். மொழிபெயர்ப்பாளரின் முத்திரையும் சேர்ந்தது. வேலை விக்டருக்குப் போனது. கணேசலிங்கத்துக்கு வயிறு எரிந்தது. கைகுலுக்கி வாழ்த்தினார், அது வேறு.

மூன்றாம் நாள் விக்டர் புதுச் சீருடையில் வியர்த்து வழிந்துகொண்டு அவரைத் தேடி வந்தார். ஐந்தாம் பெட்டியில் ஒரு கதவு சாத்துப்படவில்லை; நாற்பது நிமிடத்தில் ரயில் வெளிக்கிட வேண்டும்.

"கணேஷ், நான் ஃபிட்டர் இல்லை." விக்டரின் உடைந்த ஆங்கிலம் தமிழில் ஏறக்குறைய இப்படித்தான் வரும். "நாங்கள் பந்து மட்டும் விளையாடினோம். புத்தகத்தில் எல்லாரும் ஃபிட்டர். யூரி என்று ஒருவன் தன் வேலையும் செய்தான், என் வேலையும் செய்தான்."

"அவருக்கு என்ன கிடைச்சது?"

விக்டர் யோசித்தார். "ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் இலவசம்."

பிறகு மெதுவாகச் சொன்னார்: "எனக்கு அறுபத்திரண்டு வயது, கணேஷ். முழங்கால் போய்விட்டது. இதுவும் போனால் ஒன்றுமில்லை."

கணேசலிங்கம் பேசாமல் இருந்திருந்தால் விக்டர் அன்றே மாட்டுப்பட்டிருப்பார். அந்த எண்ணம் வராமலில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

கதவுக்கு மேலிருந்த மூடியைத் திறந்ததும் கதவைத் தள்ளும் காற்று எங்கோ கசிகிற மெல்லிய சீறல் கேட்டது. சவர்க்காரத் தண்ணியைக் குழாய் இணைப்புகளில் தடவினார். இரண்டாவதில் நுரை கொப்புளித்தது. காற்றை அடைத்து, விக்டரின் ஸ்பேனரால் இணைப்பைக் கழற்றி, வெள்ளை டேப் சுற்றி, திரும்பப் பூட்டினார். கதவு ஓடிவந்து சாத்திக்கொண்டது. எத்தனை வருடத்துக்குப் பிறகு! அது யாருடைய வேலை என்பதே ஒரு நிமிடம் அவருக்கு மறந்துபோனது.

"பிரில்லியன்ட், விக்டர்!" பிரசன்னா ஓடிவந்தான். கம்பனிச் செய்தி மடலுக்குப் படம் வேண்டுமென்று போனை எடுத்தான். விக்டர் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். கணேசலிங்கம் கண்ணால் தடுத்தார். துப்புரவுக்காரன் ஸ்பேனரைத் தொட்டான் என்று தெரிந்தால் இரண்டு பேருக்குமே நாளைக்கு வேலை இல்லை.

"அண்ணா, ஃப்ரேம்ல விழறீங்க, கொஞ்சம் தள்ளிக்கோங்க. அப்படியே கீழ அந்தச் சோப்புத் தண்ணியத் துடைச்சிருங்க. யாராச்சும் வழுக்கி விழுந்துடப் போறாங்க."

"ஓம் தம்பி."

விக்டர் கதவில் கைவைத்து நின்றார். கணேசலிங்கம் குந்தியிருந்து துடைத்தார். தண்ணி போயிற்று, ஆனால் அவர் விரல்களில் இருந்த கிறீஸ் தரையில் கறுப்பாக இழுபட்டது. அதையும் துடைத்தார்.