எட்டு இல்லாத பலகை

"அப்போ எட்டு எங்க போச்சு?"

"எங்கயும் போகல முத்து. நம்ம கம்பெனில எட்டே கிடையாதுல்ல? மறந்துட்டியா?"

"அத்தெல்லாம் தெரியும். உன் போர்டுல கிடையாது. என் படத்துல கீதே! பாரு, ஆறு, ஏழு, எட்டு, ஒம்போது. குத்துக்கல்லாட்டம் குந்திகினு கீது."

மஹ்விஷ் எழுந்து அவன் மேஜைக்கு வந்தாள். முத்துகிருஷ்ணனின் திரையில் சர்க்யூட் படம் விரிந்திருந்தது. அதை வரைவது அவன் வேலை. அதைப் பார்த்துப் பச்சைப் பலகையில் ஒவ்வொரு துண்டுக்கும் இடம் ஒதுக்குவது அவள் வேலை. யாருக்கு யார் என்ன உறவு என்பது அவனிடம். யார் எந்த வீட்டில் குடியிருக்கிறார் என்பது அவளிடம். இரண்டு பேரிடமும் பெயர்கள் ஒன்றாக இருக்கிறவரைதான் ஊர் ஊராக இருக்கும். ஒருவரிடம் மட்டும் பெயர் மாறிவிட்டால், தபால்காரர் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவார். அங்கேயும் யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வார்.

வெளியே மழை. ஈக்காட்டுத்தாங்கலின் கடைசல் பட்டறைகள் மழையோடு சேர்ந்து இரைந்துகொண்டிருந்தன. மத்தியானம் மூன்று மணிக்கே அறையில் விளக்குப் போட வேண்டியிருந்தது.

அவர்கள் இருவருக்கும் நடுவில் மேஜைமேல் ஒரு சார்ஜர் கிடந்தது. தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றின் டெலிவரி ஸ்கூட்டர்களுக்காக இவர்கள் செய்து கொடுத்தவற்றில் ஒன்று. கடைக்காரர்கள் அதைப் புடவை வைத்துக் கொடுக்கும் கட்டைப்பையில் போட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். 'வாடை வருகிறது' என்பதுதான் புகார். சார்ஜர் என்னவோ புத்தம் புதிதாகத்தான் இருந்தது. ஆனால் அதன் ஒயரில், பேட்டரியைத் தொடுகிற நுனியில், பிளாஸ்டிக் மெழுகுவத்திபோல வழிந்து மறுபடி இறுகியிருந்தது.

"பன்னெண்டாம் நம்பர் ரெசிஸ்டரைப் பாரு," என்றான் முத்து, பூதக்கண்ணாடியை நகர்த்தி.

எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புத் துண்டு. அதன் முதுகில் எழுதியிருந்த எண்ணை அவள் படித்தாள். மறுபடி படித்தாள். அந்த இடத்தில் இருக்க வேண்டியது அது அல்ல.

"யா அல்லாஹ்," என்றாள் மெதுவாக.

நடந்தது இதுதான். முதலாளி சிதம்பரநாதனுக்கு எட்டு ஆகாது. முதல் கம்பெனியை எட்டாம் நம்பர் கட்டடத்தில் தொடங்கி மூழ்கியவர். அதற்குப் பிறகு காரில், கைபேசியில், அலுவலக நாற்காலிகளின் எண்ணிக்கையில்கூட அவர் எட்டை அண்டவிட்டதில்லை. சார்ஜரின் பலகை அச்சுக்குப் போகிற அன்று, மஹ்விஷின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றவர் திரையைப் பார்த்துவிட்டார். "ஏம்மா, வெள்ளை எழுத்துல எட்டுன்னு போட்டிருக்கியே! ரெண்டு வருசமா இங்கதான இருக்க? மாத்து."

முறைப்படி செய்தால் முதலில் படத்தில் பெயரை மாற்ற வேண்டும். பிறகு படத்திலிருந்து பலகைக்குக் கொண்டுவர வேண்டும். ஆனால் படம் முத்துவின் கணினியில் பூட்டிக் கிடந்தது. அவன் அக்கா கல்யாணத்துக்குப் போயிருந்தான். "கண்ணுக்குத் தெரியுறது பலகைதான? அத மட்டும் மாத்திரு. இன்னைக்கு அனுப்பியாகணும்," என்றார் முதலாளி. அவளும் மாற்றினாள். எட்டு ஒன்பதாயிற்று, ஒன்பது பத்தாயிற்று. கடைசியிலிருந்த பன்னிரண்டு, பெயர்கள் வீட்டுக்கு வீடு ஒன்று தள்ளிப் போனதில், பதிமூன்றாயிற்று. முத்து திரும்பி வந்ததும் சொன்னாள். "இதோ பண்ணிடறேன்" என்றான். அதற்குள் அவன் கொண்டுவந்திருந்த கல்யாணப் பலகாரத்தைச் சுற்றி எல்லோரும் கூடிவிட்டார்கள்; அந்த வேலை மறந்துபோயிற்று.

இதில் கொடுமையான விஷயம் என்னவென்றால், அம்பத்தூரில் துண்டுகளைப் பொருத்துகிற பட்டறைக்காரர்கள் கேட்கத்தான் செய்தார்கள். எந்தப் பெயருக்கு எந்தத் துண்டு என்பது அவர்களுக்குப் படத்திலிருந்து போயிருந்தது; எந்தப் பெயர் எந்த இடத்தில் என்பது பலகையிலிருந்து போயிருந்தது. 'எட்டுக்குத் துண்டு இருக்கிறது, இடம் இல்லை. பதிமூன்றுக்கு இடம் இருக்கிறது, துண்டு இல்லை' என்று போன் செய்தார்கள். எடுத்தவர் சிதம்பரநாதன். "எட்டா? அது நம்மகிட்ட கிடையாதுய்யா, விட்டுருங்க. பதிமூணா? பன்னெண்டு மாதிரியே போட்டுருங்க." போனை வைத்துவிட்டு, அதை ஒரு ஜோக்காக டீ நேரத்தில் எல்லோருக்கும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். மஹ்விஷும் சிரித்தாள்.

படத்தின்படி எட்டிலிருந்து பதினொன்று வரை நாலு துண்டும் ஒரே அளவு. பன்னிரண்டு மட்டும்தான் வேறு. அதனால் இடம் மாறி உட்கார்ந்தவர்களில் ஒருவர்தான் தப்பான ஆள். மற்ற எல்லாம் சரியாக இருந்தது. எல்லாச் சோதனையிலும் சார்ஜர் தேறிற்று. தப்பான அந்த ஒருவருடைய வேலை பேட்டரியின் சூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பது. சூடு ஏறினால் மின்சாரத்தை நிறுத்தச் சொல்ல வேண்டியவர் அவர். இப்போது அவர், கொதிக்கிற பேட்டரியைத் தொட்டுப் பார்த்து, 'குளுகுளுவென்று இருக்கிறது, இன்னும் ஊற்று' என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏசி ரூம்லயே டெஸ்ட் பண்ணோம்," என்றான் முத்து. "சூடே ஏறல. எப்படித் தெரியும்?"

மஹ்விஷுக்கு ஜவுளிக்கடையின் குடோன் கண்முன் வந்தது. சார்ஜர்களை மாட்டுகிற அன்று போயிருந்தாள். ரங்கநாதன் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்து. கீழ்த்தளத்தில் மாடிப்படிக்கு அடியில் ஸ்கூட்டர்கள். சுற்றிலும் கூரைவரை துணி மூட்டைகள். மேலே கடைப் பையன்கள் தங்குகிற அறை. கொடியில் ஈர லுங்கிகள், சுவரோரம் சுருட்டி வைத்த பாய்கள், ஜன்னல் கம்பியில் வரிசையாகச் செருகிய பல்துலக்கிகள். பலகாரம் கொடுத்துக் கேலி பேசிய பையன்கள். "அக்கா, இதுல செல்லும் சார்ஜ் ஏறுமா?" மேலே போக அந்த ஒரு படிதான். கீழே வரவும் அது ஒன்றுதான்.

முத்து ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டான். "நான் போய்ப் பிடுங்கிட்டு வரேன். நீ சார்கிட்ட சொல்லு."

"இந்த மழைல, தீபாவளிக் கூட்டத்துல..."

"பறந்து போவ நான் இன்னா காக்காவா? போய்க்கினே இருக்கேன். நீ போன் அடி."

படியில் அவன் பூட்ஸ் சத்தம் இறங்கி மழைக்குள் கரைந்தது.

அவள் குடோன் மேற்பார்வைக்காரர் துரைராஜுக்கு அழைத்தாள். இரண்டாவது முறை எடுத்தார். பின்னணியில் தண்ணீர் விழும் ஓசை.

"துரைராஜ்ண்ணே, சார்ஜர் எல்லாத்தையும் இப்பவே கழட்டிடுங்க."

"கழட்றதா? இன்னா மேடம் நீங்க! மழைல டெலிவரி நின்னு போச்சு. எல்லா வண்டியும் உள்ள வந்து சார்ஜ்லதான் கீது. சாயங்காலம் மழை விட்டா அத்தினியும் ஒரே ஓட்டமா ஓடணும்."

"பசங்க?"

"காலைல கடைல நின்ன பசங்க சாப்ட்டுட்டு மேல படுத்துகினு கீறாங்க. தெருத்தண்ணி உள்ள வருதுன்னு ஷட்டரப் பாதி இறக்கிட்டேன்."

"வாடை வருதா அண்ணே?"

"அது வந்துகினேதான் கீது. காலைல புதுச் சரக்கு வந்துச்சு, எடமில்லாம படியாண்டதான் அடுக்கினோம். புதுத்துணி வாடையோ இன்னாவோ."

"அண்ணே, அது பேட்டரியச் சூடாக்குது, கழட்டுங்க. நான் சொல்றேன்ல."

"நீ சொன்னா ஆவுமாம்மா? நான் சொல்லாம எவனும் கைவைக்கக் கூடாதுன்னு சிதம்பரம் சார்தானே மாட்டுற அன்னிக்கு கடை மொதலாளி அண்ணாச்சி முன்னாடி கறாரா சொன்னாரு? போன மாசம் ஒர்த்தன் கழட்டினான்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அவர ஒரு வார்த்த சொல்லச் சொல்லு, அந்த நிமிசமே பிடுங்கிடறேன்."

"லைன்லயே இருங்க," என்று சொல்லி, போனைக் கையில் பிடித்தபடியே முதலாளியின் அறைக்குள் நுழைந்தாள்.

சிதம்பரநாதன் முழுவதையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கோபப்பட்டிருந்தால் அவளுக்குப் பயம் குறைந்திருக்கும்.

"அம்பத்தூர்லருந்து போன் வந்தப்ப நான் சொன்ன பதில் நம்ம ஆபீசுக்கு வெளிய யாருக்காவது தெரியுமா?" என்றார்.

"சார்?"

"கடை என் மச்சினனோடது. எட்டப் பாத்து நான் பயப்படுறத வச்சு அவங்க வீட்டுல ஏற்கெனவே சிரிச்சுக்கிட்டு இருக்காங்க. இப்ப நான் கழட்டச் சொன்னா ஏன்னு கேப்பான். விட மாட்டான்." கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அவர் குரல் தாழ்ந்து, ஏறக்குறைய அன்பாக மாறிற்று. "நீ எப்பவும் என்னம்மா சொல்லுவ? படமும் பலகையும் ஒண்ணா இருக்கணும்னுதான? அதச் செய்யி. முத்து கம்ப்யூட்டர் தொறந்துதான கெடக்கு. பலகைல என்ன இருக்கோ அதையே படத்துல மாத்திரு. பேரு, பொருத்தின துண்டு, எல்லாம். அஞ்சு நிமிச வேலை. அப்புறம் நான் பேசுதேன்."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அப்படிச் செய்தால் இரண்டு திரைகளும் ஒன்றையொன்று கண்ணாடிபோல ஒத்திருக்கும். எங்கேயும் பிழை இருக்காது. தப்பான துண்டு முதல் நாளிலிருந்தே படத்தில் இருந்ததாக ஆகும். படத்தின் மூலையில் முத்துகிருஷ்ணனின் பெயர் இருந்தது.

"அவன் சின்னப் பையன்," என்றார் சிதம்பரநாதன், அவள் கேட்காத கேள்விக்கு. "வேற வேலை கெடைக்கும்."

"அங்க படுத்திருக்கிறவங்க உங்க ஊர்ப் பசங்க சார்."

"எனக்குத் தெரியாதாம்மா? நான்தான ரயில் ஏத்திக் கூட்டிட்டு வந்தேன்."

ஜன்னலில் மழை சாய்ந்து அடித்தது. அந்த அறையும் தானும் அவரும் யாரோ பெயர் மாற்றி வைத்துவிட்ட துண்டுகள்போல, வெளிப்பார்வைக்கு அதே இடத்தில், உள்ளே வேறு யாராகவோ ஆகிக்கொண்டிருப்பதாக அவளுக்குத் தோன்றியது. முத்து இந்நேரம் சைதாப்பேட்டைப் பாலத்தைத் தாண்டியிருப்பானா? தாண்டினாலும், பாதி இறக்கிய ஷட்டருக்கு வெளியே துரைராஜ் அவனையும் நிறுத்தித்தான் வைப்பார்.

"மேடம்," என்றது போன். "கீறீங்களா? இங்க கரண்டு ஒரு தபா மினுக்கிச்சு. வாடை கொஞ்சம் தூக்கலாத்தான் கீது. சார் இன்னா சொல்றாரு?"

மஹ்விஷ் ஸ்பீக்கரை அழுத்தினாள். போனை மேஜைமேல் வைத்து, அவர் கைக்கு எட்டும்படி நகர்த்தினாள். குடோனில் கொட்டுகிற மழை இந்த அறைக்குள்ளும் கொட்டத் தொடங்கியது. சிதம்பரநாதன் போனைப் பார்க்கவில்லை. அவளையும் பார்க்கவில்லை. முத்துவின் நாற்காலி காலியாக இருப்பதைக் கண்ணாடித் தடுப்பு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், லைன்ல இருக்கார். கழட்டிடுன்னு மட்டும் சொல்லுங்க சார்."