பரவாயில்லைக்குப் பொத்தான் இல்லை

சின்னவள் பார்த்தது ஊரார் அபிப்பிராயத்தைக் கேட்கும் வேலை. காலையில் அவள் ஹெட்போனை மாட்டினால் முன்பின் தெரியாத வீடுகளில் போன் அடிக்கும். புது செல்போன் எப்படி, போய்வந்த டூர் எப்படி, டிவி எப்படி, பீர் எப்படி என்று தேன் ஒழுகக் கேட்க வேண்டும். அவர்கள் சொல்வதற்குத் தகுந்தபடி திரையில் ஐந்து பொத்தான்களில் ஒன்றை அமுக்க வேண்டும். மிக நல்லது, நல்லது, சுமார், மோசம், மிக மோசம். மனுஷ மனசு மொத்தமும் இந்த ஐந்துக்குள் அடங்கிவிடும் என்று எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ தெரியவில்லை.

பீர் பற்றிக் கேட்பதுதான் பெரிய கூத்து. ஒரு பெண்குரல், "நீங்க வழக்கமா குடிக்கிற பீர் எப்படி சார் இருக்கு?" என்று கேட்டதும் எதிர்ப்பக்கம் ஆள் அரண்டுபோவார். "அப்புறமா கூப்பிடறேன்டா தம்பி" என்று பக்கத்திலிருக்கும் மனைவிக்காக ஒரு நாடகம் போட்டுவிட்டு போனை வைத்துவிடுவார். டிவி பற்றிக் கேட்டபோது ஒருத்தர், "ரிமோட் என் கைக்கு வந்தாத்தானேம்மா அபிப்பிராயம் வரும்?" என்றார். இவர்களால் ஒரு தொல்லையும் இல்லை. சிரித்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போய்விடலாம்.

தொல்லையெல்லாம் ஒரே வார்த்தையில் இருந்தது. பாதிப்பேர் எதைக் கேட்டாலும் "பரவாயில்லை" என்றார்கள். "பேசப் பேச போன் சூடாயிடுதுங்க, காதுல வைக்க முடியல. பரவாயில்லை." "டூர் பஸ் எங்கள விட்டுட்டுப் போயிடுச்சும்மா. ஒரு லாரியப் பிடிச்சு வந்து சேர்ந்தோம். பரவாயில்லை." இதற்கென்று பொத்தான் கிடையாது. மேற்பார்வையாளர் ஒருநாள் எல்லோரையும் கூட்டிவைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "பரவாயில்லைன்னா குறை ஒண்ணுமில்லைன்னு அர்த்தம். 'நல்லது'ல போடுங்க." காசு கொடுத்து அபிப்பிராயம் வாங்கும் கம்பெனிகளுக்கும் அதுதான் இனித்தது. சின்னவளும் வாயைத் திறக்காமல் லாரியில் வந்தவர்களை நல்லதில் சேர்த்தாள்.

வீடு அவளுடையது அல்ல, அக்காளுடையது. அப்பா அம்மா போனபிறகு அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. ஒரே ஒரு படுக்கையறை. அதில் அக்காளும் கணவரும். கூடத்து சோபாதான் சின்னவளின் படுக்கை. அதுவேதான் அக்காள் கணவரின், அதாவது மாமாவின், சிம்மாசனம். சாயங்காலமானால் ஒரு கையில் பீரும் மறு கையில் ரிமோட்டுமாக உட்கார்ந்துவிடுவார். எந்த போன் உருப்படியானது, எந்த ஊருக்குப் போனால் காசுக்குக் கேடு, எந்த சேனலில் செய்தி படிக்கிறவளுக்கு உச்சரிப்பு வராது என்று பாட்டில் காலியாகும்வரை ஓயமாட்டார். பகலெல்லாம் கேட்டது போதாதென்று, படுக்கை காலியாகும் நேரத்துக்காக சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து அவள் இதையும் கேட்க வேண்டும். மாற்றுத் துணி டிவிக்குப் பின்னால் ஒரு பையில் இருந்தது. உடை மாற்றக் குளியலறைதான் கதி.

மாமா கெட்டவர் இல்லை, அதுதான் கஷ்டம். சோறு போட்டு ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. ஆனால் தனியாக ஒரு வீடு பார்க்கட்டுமா என்று அவள் கேட்டபோது, "நான் உசுரோட இருக்கப்ப நீ தனியா இருந்தா நாலு பேர் என்னைத்தான் கேப்பாங்க" என்று முடித்துவிட்டார்.

இப்படி இருக்கையில்தான் வேறு ஊரில் புதுக் கிளை திறக்கப் போவதாகச் செய்தி வந்தது. ஓர் ஆளை மட்டும் அனுப்புவார்களாம். தங்குவதற்கு அறையும் கொடுப்பார்களாம். "கம்பெனியே ரூம் குடுக்குதுன்னா அது வேற விஷயம்" என்று மாமாவே சொல்லிவிட்டார். சின்னவளுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அவள் பெரிதாக ஒன்றும் ஆசைப்படவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிற மாதிரி ஒரு கதவு, அவ்வளவுதான்.

"தலைமை ஆபீஸ்லேருந்து எல்லாருக்கும் போன் வரும். இங்க யாருக்கு ரொம்பக் கஷ்டமோ அவங்களுக்குத்தான் முதல் உரிமை" என்றார் மேற்பார்வையாளர்.

போன் வந்தது விடுமுறை நாளில். கூடத்தில் மூன்று பேரும் இருந்தார்கள். சின்னவளின் போனில் காதுப்பக்கம் செத்துப் பல மாதமாகிறது. ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச முடியும். ஊரான் போனையெல்லாம் விசாரிக்கிறவள் போனின் லட்சணம் அது. மாடிப்படிக்குப் போகலாமென்று எழுந்தாள்.

"எதுக்கு வெளிய போற? உக்காந்து பேசு, நான் சத்தத்தக் கொறச்சிடறேன்" என்று மாமா மரியாதையாக டிவியை அமர்த்தினார். அக்காளும் வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"இப்ப நீங்க தங்கியிருக்கிற இடம் எப்படிங்க இருக்கு?" என்றது போன். கூடம் முழுக்கக் கேட்டது.

மாமா புன்னகையோடு அவளைப் பார்த்தார். சொல்லேன் என்பதுபோல் தலையை வேறு ஆட்டினார்.

"கொஞ்ச நேரம் கழிச்சுப் பேசலாங்களா?"

"இன்னிக்கு முடிச்சாகணுங்க. எப்படி இருக்கு?"

மோசம் என்ற சொல் சின்னவளின் நாக்கு நுனிவரை வந்தது. யாருடைய சோற்றைத் தின்றுகொண்டு யார் முகத்துக்கு எதிரே அதைச் சொல்வது? கல்லுக்கும் புரியும்படி குரலை இழுத்து, "பரவாயில்லைங்க..." என்றாள்.

சட்டென்று ஒரு பொத்தான் அமுங்கும் சத்தம். எந்தப் பொத்தான் என்று அவளுக்கா தெரியாது? போனில் பேசிய தலைமை ஆபீஸ் பெண் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். போக்குவரத்து எப்படி, ஓய்வு எப்படி என்று கேட்டுக்கொண்டே போனாள். மாமா சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருக்க, எல்லாவற்றுக்கும் அதே பதில்தான் வந்தது. பேசி முடித்ததும் சின்னவள் மாடிப்படிக்கு ஓடி அந்த எண்ணைத் திருப்பிக் கூப்பிட்டாள். அது கூப்பிடுகிற எண், கூப்பிட்டால் எடுக்கிற எண் அல்ல. தினமும் அதே மாதிரி எண்ணிலிருந்து பேசுகிறவளுக்கு அது தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் விடாமல் அடித்தாள்.

மறுநாள் மேற்பார்வையாளர் முன்னால் போய் நின்றாள்.

"உனக்கு எல்லாமே நல்லதுன்னு வந்திருக்கேம்மா. அந்த இடம் வேற பொண்ணுக்குப் போயிடுச்சு."

"நான் பரவாயில்லைன்னுதான் சார் சொன்னேன்."

"அதான் நல்லதுல போட்டிருக்காங்க."

"பரவாயில்லைன்னா நல்லதுன்னு அர்த்தமில்ல சார். சொல்ல முடியலன்னு அர்த்தம்."

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். கோபப்படவில்லை. "அப்படின்னா நீ இவ்வளவு நாளா போட்டதெல்லாம் தப்பா? அத்தனையும் நம்பி எத்தனை கம்பெனி பொருள் செஞ்சிட்டிருக்கு? உனக்காக ஒண்ண மாத்தினா எல்லாத்தையும் மாத்தணும். மாத்தட்டுமா?" என்றார்.

அவள் அமுக்கிய பொத்தான்கள் எல்லாம் சேர்ந்து அவள் வாயை அடைத்தன. "வேண்டாம் சார்" என்று சொல்லிவிட்டு இடத்துக்குப் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அன்றைக்குப் பீர் பற்றிக் கேட்கிற நாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் கூடத்தில் புதிதாக ஓர் இரும்புக் கட்டிலும் மெத்தையும். மாமா சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, வேர்க்க விறுவிறுக்கக் கட்டிலின் கால்களை முடுக்கிக்கொண்டிருந்தார்.

"நம்ம வீடு வசதியா இருக்குன்னு கம்பெனிக்கே சொல்லிட்டியே! என் ஃப்ரெண்ட்ஸ் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்று அவர் வாயெல்லாம் பல்லாக நிமிர்ந்தார். "இனிமே நீ சோபாவுல படுக்க வேணாம். படுத்துப் பாத்துட்டுச் சொல்லு, எப்படி இருக்கு?"

கட்டில் சுவரோடு சுவராக, இனி அசைக்கவே முடியாத மாதிரி பொருந்தியிருந்தது. டிவி அதன் கால்மாட்டில் இருந்தது. சின்னவளுக்கு இனிமேல் பயந்து காப்பாற்றுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

"பிடிக்கல மாமா" என்றாள்.

"புது மெத்தைன்னா அப்படித்தான் இருக்கும். பழகிடும்" என்று மாமா மறுபடி குனிந்து திருகாணியைத் தேட ஆரம்பித்தார்.

அவள் அக்காளிடம் திரும்பினாள். "மெத்தையச் சொல்லலக்கா. எனக்கு இங்க இருக்கவே பிடிக்கல."

அக்காள் கையில் விரிப்போடு நின்றாள். கணவரின் முதுகை ஒரு தரம் பார்த்தாள். அவருக்குக் கேட்காத குரலில், "எனக்கு மட்டும் பிடிச்சா இருக்கேன்?" என்றாள்.

பிறகு விரிப்பை உதறி, அதன் ஒரு முனையைத் தங்கையிடம் நீட்டினாள். இருவரும் ஆளுக்கொரு பக்கமாக நின்று அதை இழுத்து விரித்தார்கள்.